வீட்டுக்குள் ஓடும் பாட்டு ஏன் நிற்கிறது?

சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க், அது நிறையப் பாட்டு. அதை டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் போனிலும் எடுத்துக் கேட்பது எங்கள் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. கோபி, சத்தி, அந்தியூர் என்று சொந்தக்காரர் வீடுகளில் நானே சிலவற்றை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். நன்றாக ஓடினால் சந்தோஷம். நின்றால் போன் வரும்.

“ஏங்கண்ணு, பாட்டு மறுக்கா நின்னு போச்சு. நெட்டு ஸ்பீடு பத்தலையாட்ட இருக்குது. பெரிய பிளானா மாத்திப் போட்டுறலாமா?” என்பார் மாமா.

“வேண்டாங்க மாமா. மொதல்ல அந்த ஃபைபர் ஒயரைக் கழட்டி உட்டுட்டுப் பாட்டுப் போட்டுப் பாருங்க.”

இந்தச் சோதனையை எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ரவுட்டரை அணைக்க வேண்டாம். வெளியிலிருந்து வந்து ரவுட்டரில் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் ஒயரை மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள். அதன் முனையைத் தொடவோ கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவோ கூடாது. இப்போது வீட்டுக்கு இன்டர்நெட் இல்லை. ஆனாலும் பாட்டு ஓடும். முன்பு எந்த இடத்தில் தடுமாறியதோ அங்கேயே தடுமாறும். பாட்டு வீட்டுக்குள் இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே போகிறது. மாதாமாதம் கட்டும் நெட் பிளானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது தெரியாமல் மாதம் சில நூறு ரூபாயைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். ஒன்றரை மெகாபிட்கூடக் கிடையாது. தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக மாற்றினால் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டித்தான் வரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று உயர்தரப் பதிவுக்குப் போனாலும் 4.6 மெகாபிட். நெட்வொர்க் ஒயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான சுவிட்ச், பழைய 100 மெகாபிட் ஒன்றே போதும். பத்து அறையில் பத்துப் பாட்டை ஒரே நேரத்தில் அனுப்பலாம்.

வேகம் காரணம் இல்லையென்றால் வேறு என்ன? என் அனுபவத்தில் எல்லாக் கோளாறும் இரண்டே வகைக்குள் அடங்கிவிடுகிறது. டிவிக்கு சர்வர், அதாவது பாட்டைக் கொடுக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி, கண்ணிலேயே படவில்லை என்பது ஒன்று. கண்ணில் பட்டது, பாட்டும் ஆரம்பித்தது, நடுவில் அறுந்தது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. “பாட்டு வரலை” என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “லிஸ்ட்டுல பேரு தெரியுதுங்களா, தெரியலைங்களா?” என்பதுதான். அதற்குப் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு டிஸ்க்கில் சினிமாப் பாட்டும் இருக்கிறது. ஆனால் அதற்காக இந்தப் பாடு படத் தேவையில்லை, அது எங்கேயும் கிடைக்கும். அப்பா டேப் ரெக்கார்டர் வைத்திருந்த காலத்தில் கோயில் நோம்பியில் பதிந்த கேசட்டுகள் எங்களிடம் இருந்தன. உடுக்கடித்துச் சொன்ன அண்ணமார் கதை, மாரியம்மன் கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது அடித்த மேளம், அமுச்சியும் (அம்மாவின் அம்மா) அவர் சோட்டுப் பெண்களும் பாடிய கும்மி, ஒரு கல்யாணத்தில் சொன்ன மங்கல வாழ்த்து. இவற்றை எந்தப் பாட்டு ஆப்பும் தராது. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. 90 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே கோப்பாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். சுருக்காத வேவ் கோப்பாக நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் ஆகும். ஃப்ளாக்காக மாற்றியதில் இடம் மிச்சம், ஒலியில் ஒரு துளியும் குறையவில்லை.

45 நிமிடக் கதை முப்பதாவது நிமிடத்தில் அறுந்தால் கேட்கிறவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிவி ரிமோட்டில் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பது வயசானவர்களால் ஆகிற காரியமா? மூன்று நிமிடப் பாட்டு கேட்கிற வீட்டில் வருடக்கணக்கில் கவனத்துக்கே வராத கோளாறு, எங்கள் வீட்டில் முதல் வாரமே தெரிந்துவிட்டது.

எங்கள் அமைப்பு ரொம்ப எளிது. ஒரு ராஸ்பெரி பை 4 (கையடக்கக் கம்ப்யூட்டர், சுருக்கமாக ‘பை’), அதில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க், பாட்டைப் பரிமாற மினிடிஎல்என்ஏ என்ற இலவச மென்பொருள். டிஎல்என்ஏ என்பது வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று 2003இல் பல நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. அந்த அமைப்பு 2017இல் கலைந்துவிட்டது. அது வகுத்த முறை மட்டும் இன்னும் நிறைய டிவிகளிலும் ஆம்ப்ளிஃபயர்களிலும் இருக்கிறது.

முதல் வகைக் கோளாறை எடுத்துக்கொள்வோம். இதில் டிவி எப்படி சர்வரைக் கண்டுபிடிக்கிறது என்பது தெரிந்தால்தான் மேற்கொண்டு போக முடியும். சர்வரின் முகவரியை யாரும் டிவியில் எழுதி வைப்பதில்லை. ஊரில் தண்டோரா போடுகிற மாதிரி, “நான் இங்கே இருக்கிறேன், என்னிடம் பாட்டு இருக்கிறது” என்று சர்வர் அவ்வப்போது வீட்டு நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கும். டிவியும் தன் பங்குக்கு, “பாட்டு வைத்திருப்பவர் யாராவது உண்டா?” என்று பொதுவில் கேட்கும். இரண்டும் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கும் பொதுவான) முகவரிக்கு, கதவு எண் மாதிரியான 1900ஆம் போர்ட்டில் போகும். இந்த ஏற்பாட்டின் பெயர் எஸ்எஸ்டிபி. பாட்டு போவது வேறு வழி, தனிப்பட்ட வழி. அறிவிப்பு போவது பொது வழி. பொது வழி அடைபட்டால் பாட்டு வழி எவ்வளவு அகலமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் உடனே டிவியில் பெயர் வரும். கொஞ்ச நேரம் இருக்கும். அப்புறம் காணாமல் போகும். மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி வரும். இதைப் பார்க்கிற யாரும் சர்வரில்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறதே! அந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போடச் சொல்லிப் பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் யோசனையும் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சர்வருக்குள் நுழைந்து, 1900ஆம் போர்ட்டில் வருவதையும் போவதையும் மட்டும் திரையில் ஓடவிட்டேன். இதற்கு டிசிபிடம்ப் என்ற சின்ன நிரல் போதும். அம்மாவிடம் ரிமோட்டைக் கொடுத்து, சோர்ஸ் பட்டனை அழுத்தச் சொன்னேன்.

“அமுக்கிட்டேன் கண்ணு.”

திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை அழுத்தினார். ஒரு வரிகூட இல்லை. சர்வர் தன் அறிவிப்பை கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மினிடிஎல்என்ஏவில் வழக்கமான இடைவெளி 895 நொடி. ஆனால் டிவி கேட்ட கேள்வி சர்வர் வாசலுக்கு வந்து சேரவேயில்லை. அப்படியானால் சர்வர் மேல் பழி போட இடமே இல்லை. கேள்வியை நடுவில் யாரோ நிறுத்துகிறார்கள்.

நிறுத்தியது நடுவில் இருந்த சுவிட்ச். கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும் என்று, அமைப்புகளை மாற்றிக்கொள்ள வசதியுள்ள ஒன்றை வாங்கிப் போட்டிருந்தோம். அந்த மாதிரி சுவிட்சுகளில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒரு வசதி உண்டு. பொது அறிவிப்பை எல்லா ஒயரிலும் வீணாக அனுப்பாமல், யார் கேட்க விரும்புகிறார்களோ அவர்களுக்கு மட்டும் அனுப்புவது அதன் வேலை. நல்ல எண்ணம்தான். ஒரு சாதனம் தொடங்கும்போது, “இந்த அறிவிப்பு எனக்கு வேண்டும்” என்று பதிவு செய்துகொள்கிறது. “இன்னும் வேண்டுமா?” என்று யாராவது ஒருவர் 125 நொடிக்கு ஒருமுறை கேட்டுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்கிறவருக்குக் குவெரியர் என்று பெயர். பெரிய அலுவலகங்களில் ரவுட்டர் அதைச் செய்யும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் அந்த வேலைக்கு ஆளில்லை. கேட்பார் இல்லாவிட்டால் 125ஐ இரண்டால் பெருக்கி, பத்தைக் கூட்டி, 260 நொடியில் பதிவு காலாவதி. அதற்கு மேல் சுவிட்ச் அந்த வழியை மூடிவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் மறுபடி பதிவு செய்துகொண்டு, உடனே ஒரு அறிவிப்பும் விடும். அதனால் கொஞ்ச நேரம் எல்லாம் சரியான மாதிரி இருக்கும்.

சுவிட்சின் அமைப்புப் பக்கத்தில் குவெரியரை இயக்கினால் போதும். அந்த வசதி இல்லாத சுவிட்ச் என்றால் ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடலாம். பத்துச் சாதனம் உள்ள வீட்டில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அணைத்துவிட்டு அம்மாவை மறுபடி பட்டனை அழுத்தச் சொன்னேன். டிவியின் முகவரி, ஒரு அம்புக்குறி, 239.255.255.250, புள்ளி 1900 என்று ஒரு வரி அந்த நொடியே திரையில் விழுந்தது. அன்றைக்கு இரவு உடுக்கைக் கதை ஒரு பக்கம் முழுசாக ஓடியது.

அறிவிப்பு இடைவெளியை 895லிருந்து 60 நொடியாகக் குறைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். டிவி போட்டதும் பெயர் சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான். சுவிட்ச் வழியை மூடிய பிறகு எத்தனை தடவை அறிவித்தாலும் போய்ச் சேராது.

இதே வகையில் இன்னொன்று, ஊரெல்லாம் இருக்கிறது. ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்கள் ஒரு வைஃபை பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். அதன் வீச்சு பத்தாது என்று நாம் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதோடு இணைப்போம். இப்போது வீட்டில் இரண்டு ரவுட்டர், இரண்டு தனித்தனி நெட்வொர்க். டிவி ஒன்றில், சர்வர் மற்றதில். இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் பொது அறிவிப்பு ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகாது; ரவுட்டர் அதோடு நிறுத்திவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: டிவியிலும் சர்வரிலும் ஐபி முகவரியைப் பாருங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் மற்றொன்றில் 192.168.0 என்றும் தொடங்கினால் விஷயம் அதுதான். இரண்டாவது ரவுட்டரைத் தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. அந்த வசதி இல்லையென்றால், அதன் முகவரி முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றிக்கொண்டு, சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, நீலத்திலோ மஞ்சளிலோ தனியாக இருக்கும் வான் (WAN) துளையில் செருகாமல் சாதாரண லான் (LAN) துளையில் ஒயரைச் செருக வேண்டும். மாமா வீட்டில் இருந்தது இதுதான். பெரிய பிளான் எடுத்திருந்தால் இரண்டு நெட்வொர்க்கிலும் வேகமாக யூடியூப் ஓடியிருக்கும், பாட்டு சர்வர் அப்படியே தெரியாமல் இருந்திருக்கும்.

விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையிலும் கண்டிப்பாகத் தெரியாது. அதை அமைப்பதே அப்படித்தான்.

கரண்ட் போய்விட்டு வந்த பிறகு மட்டும் சர்வர் தெரியவில்லை என்றால், அது யார் முதலில் விழித்துக்கொண்டார்கள் என்ற பிரச்சினை. பை அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ஃபைபர் ரவுட்டர் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும். முகவரி கொடுக்க ஆளில்லாத நேரத்தில் சர்வர் மென்பொருள் தொடங்கிவிட்டால் சில சமயம் சரியான முகவரி இல்லாமலேயே நின்றுவிடும். பைக்கு நிலையான ஐபி முகவரி கொடுத்து, நெட்வொர்க் தயாரான பிறகே மென்பொருள் தொடங்கும்படி அமைத்துவிட வேண்டும். டிஸ்க்கும் அப்படியே. டிஸ்க் இணையும் முன்பே மென்பொருள் பார்த்துவிட்டால், காலிப் பெட்டியைக் கண்டு, எல்லாப் பாட்டும் அழிந்துவிட்டதாக எண்ணித் தன் பட்டியலைத் துடைத்துவிடும். பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம். பட்டியலை மறுபடி எழுப்பச் சொன்னால் வந்துவிடும்.

இனி இரண்டாவது வகை. பெயர் தெரிகிறது, பாட்டும் ஆரம்பிக்கிறது, நடுவில் அறுகிறது. இங்கே நான் முதலில் பார்ப்பது கரண்ட்டை, அடுத்துத்தான் வைஃபையை. பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கம் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற வரை வாழ்க்கை. நேரடியாக ஸ்டார்ட் ஆகிற மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை ஆரம்பத்தில் இழுக்கும். அதே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள வீட்டில் விளக்கு ஒரு கணம் மங்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது இது நன்றாகவே தெரியும். நல்ல அடாப்டர் 100 வோல்ட்டிலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், அதனால் பையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய போன் சார்ஜரையும் மெல்லிய ஒயரையும் வைத்து ஓட்டினால் விவகாரம்தான். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். வோல்ட்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கினால் அது எச்சரிக்கை எழுதும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இதை அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கட்டளை இருக்கிறது. பதில் வெறும் பூஜ்யமாக வந்தால் நலம். 50000 என்று வந்தால், இப்போது சரியாக இருந்தாலும் கடைசியாக இயக்கியதிலிருந்து எப்போதோ ஒருமுறை வோல்ட்டேஜ் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 50005 என்றால் இந்த நிமிடமே பத்தவில்லை.

அதோடு ஹார்ட் டிஸ்க். பை 4இன் நான்கு யுஎஸ்பி துளைக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் தரும். சின்ன டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது மட்டுமே ஒரு ஆம்பியரை நெருங்கலாம். அப்போது டிஸ்க் ஒரு கணம் துண்டித்து மறுபடி சேரும். பாட்டு அந்த இடத்தில் நிற்கும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கி டிஸ்க்கை அதில் மாட்டிய பிறகு எங்களுக்கு இந்தத் தொந்தரவு வரவில்லை. டிஸ்க் தூங்கப் போவதும் ஒரு காரணம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் சுழல்வதை நிறுத்திவிடும், அடுத்த பாட்டுக்கு எழ பத்து நொடிகூட எடுக்கும், அதுவரை காத்திருக்கப் பொறுமையில்லாத டிவி “பைல் கிடைக்கவில்லை” என்று சொல்லிவிடும். தூங்கும் நேரத்தை நீட்டி வைத்தால் போதும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு விஷயம். மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்த ‘டக்’ சத்தத்தில் டிவியும் ஃபேனும் ஒன்றும் ஆகாமல் ஓடும், ரவுட்டர் மட்டும் அணைந்து எழும். “பாட்டு நின்னு ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் வருது” என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் போட்டுவிடுங்கள். வாங்கும் முன் உங்கள் ரவுட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொள்ளுங்கள். எல்லாம் 12 இல்லை.

கரண்ட்டில் குறையில்லை என்றால்தான் வைஃபை. எங்கள் வீடு தொட்டிக்கட்டு வீடு. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. ரவுட்டர் ஆசாரத்தில் (முன்கூடத்தில்), ஆம்ப்ளிஃபயர் பின்கட்டு அறையில். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும், 2.4 தாண்டும். தோட்டத்து வீட்டில் பக்கத்தில் வேறு வைஃபை இல்லாததால் 2.4 நிம்மதியாக ஓடும். திருப்பூரில் லைன் வீட்டில் இருக்கும் என் தம்பிக்கு நேர்மாறு: சுவர் மெல்லிசு, ஆனால் தேடினால் இருபது முப்பது வைஃபை பெயர் வருகிறது. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். அவனுக்கு 5தான் சரி. ஒருவருக்குப் பலித்ததை இன்னொருவருக்கு அப்படியே சொல்லக் கூடாது என்பது இதனால்தான்.

வைஃபையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாட்டுத் துண்டு ஒன்று காற்றில் தொலைந்தால் மறுபடி அனுப்பப்படும். ஆனால் பொது அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு யாரும் ஒப்புகை தருவதில்லை, தொலைந்தால் தொலைந்ததுதான். போதாக்குறைக்கு அதை மிக மெதுவான வேகத்தில்தான் அனுப்புவார்கள். அதனால் சிக்னல் குறைவான அறையில் பாட்டு சுகமாக ஓடும், சர்வர் பெயர் மட்டும் வந்து வந்து மறையும். அப்படி இருந்தால் சர்வரையாவது ரவுட்டரில் ஒயரால் இணைத்துவிட வேண்டும். காற்றில் ஒரு தடவை போவதற்கும் இரண்டு தடவை போவதற்கும் நிறைய வித்தியாசம்.

முடிந்தால் எல்லாவற்றுக்கும் ஒயர்தான் நல்லது. ஓட்டு வீட்டில் விட்டத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம், ஆனால் குழாய்க்குள் போட்டுக் கொண்டுபோங்கள், எலி விடாது. கரண்ட் ஒயர் வழியாகவே நெட்டை அனுப்பும் அடாப்டரைப் பல்லடத்தில் தறி ஓடும் ஒரு வீட்டில் முயன்று பார்த்தோம். தறி நின்ற பிறகு அருமையாக ஓடும், தறி ஓடினால் திக்கும். மோட்டார்களின் இரைச்சல் அந்த ஒயரிலேயே கலந்து வருகிறது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் இரண்டு அறை இரண்டு பேஸில் இருந்தாலும் அது சரியாகப் போகாது. தறி வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாட்டு ஓடும், பெயர் மட்டும் கட்டம் கட்டமாகவோ, தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும் (à) பதிவு முத்திரையும் (®) மாறி மாறி வரும் விதமாகவோ தெரியும். கட்டமாகத் தெரிந்தால் அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. நாம் செய்ய ஒன்றுமில்லை. முத்திரை முத்திரையாக வந்தால் சரிசெய்யலாம். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். அந்த மூன்றையும் மூன்று தனி லத்தீன் எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். எம்பி3 கோப்பின் விவரப் பகுதியில் ஐடி3 இரண்டு புள்ளி மூன்று என்ற பதிப்பைத் தேர்ந்து, யுடிஎஃப்-16இல் மறுபடி எழுதினால் பழைய சாதனங்களும் படிக்கும். இன்னும் பழைய காலத்தில் டிஸ்கி (TSCII), டேப் (TAB) போன்ற தமிழ் எழுத்துக் குறியேற்றங்களில் பெயர் எழுதிய பாட்டுகளை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அமுச்சியின் கும்மிப் பாட்டுகளுக்கு ஊர், வருடம், பாடியவர் பெயர் எல்லாவற்றையும் நாங்கள் தமிழில்தான் எழுதி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதினால் தொல்லையில்லை என்றார்கள். அம்மாவால் படிக்க முடியாத பட்டியல் எதற்கு?

புதிதாகச் சேர்த்த பாட்டு தெரியவில்லை என்றால் சர்வரைச் சந்தேகப்படுங்கள், இதில் அதற்குப் பங்கு உண்டு. பெரும்பாலும் கோப்பைப் படிக்க மென்பொருளுக்கு அனுமதி இருக்காது. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து சர்வரின் முகவரியோடு 8200 என்ற போர்ட்டைச் சேர்த்துப் போட்டால் எத்தனை பாட்டு பட்டியலில் இருக்கிறது, எந்தெந்தச் சாதனம் இணைந்திருக்கிறது என்று ஒரு பக்கம் வரும். டிவியைத் தொடும் முன்பே இந்தப் பக்கத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். அங்கே பாட்டு எண்ணிக்கை சரியாக இருந்து டிவியில் தெரியவில்லை என்றால், மேலே சொன்ன முதல் வகைக்குத் திரும்பிப் போங்கள். ஃப்ளாக் கோப்பு மட்டும் ஓடாமல் எம்பி3 ஓடினால் அந்த டிவிக்கு ஃப்ளாக் தெரியாது. மினிடிஎல்என்ஏ மாற்றிக் கொடுக்காது, இருப்பதை இருக்கிறபடிதான் கொடுக்கும்.

கட்டுத்தரைப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் வைத்தால் பால் கறக்கும் நேரத்தில் கேட்கலாம் என்று அப்பா கேட்டார். வீட்டிலிருந்து அங்கே ஒயர் இழுப்பதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வருகிற ஊர் இது. இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் செப்பு நெட்வொர்க் ஒயர் போட்டால், பக்கத்துத் தென்னையில் விழுகிற இடிகூட அந்த ஒயர் வழியே இரண்டு பக்கச் சாதனங்களையும் எரித்துவிடும். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது. அதனால் இரண்டு முனையிலும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி வைத்து, நடுவில் உலோகமே கலக்காத ஃபைபர் ஒயர் போட்டோம். செலவு கொஞ்சம் கூடுதல், ஆனால் ஒரு சுவிட்சின் விலைக்குள் அடங்கிவிடுகிறது.

ஸ்பீக்கர் வந்ததும் புதுச் சிக்கல். ஆசாரத்திலும் கட்டுத்தரையிலும் ஒரே பாட்டைப் போட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்; வாசலில் நின்றால் உடுக்கைச் சத்தம் இரண்டிரண்டாகக் கேட்டது. டிஎல்என்ஏ முறையில் வெவ்வேறு சாதனங்களை ஒரே தாளத்தில் ஓட்டப் பொதுவான ஏற்பாடு இல்லை. அந்த வசதி உள்ளது, நெட்வொர்க் வழியே பாட்டு ஓட்டும் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற கருவிகளின் குடும்பம். 2006இல் லாஜிடெக் நிறுவனம் அதை வாங்கியது, 2012 வாக்கில் சாதனங்களை நிறுத்திவிட்டது. சர்வர் மென்பொருளை மட்டும் ஆர்வலர்கள் விடாமல் வளர்த்து, இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இலவசமாகத் தருகிறார்கள். அதே பையில் அதையும் நிறுவினோம். கட்டுத்தரையில் இன்னொரு பழைய பை, அதில் பாட்டை வாங்கி ஓட்டும் ஸ்குவீஸ்லைட் என்ற மென்பொருள். இரண்டையும் சேர்த்து ஓடச் சொன்னால் சேர்ந்தே ஓடுகிறது. டிவிக்கு மினிடிஎல்என்ஏவும் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே டிஸ்க்கைத்தான் படிக்கின்றன.

டிஸ்க் ஒன்றுதான் என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அதன் நகல் ஒன்றைத் திருப்பூரில் தம்பியிடமும், இன்னொன்றைக் காங்கேயத்தில் அத்தை வீட்டிலும் கொடுத்து வைத்திருக்கிறோம். அத்தை வீட்டிலும் இரண்டு ரவுட்டர் இருக்கிறது. அடுத்த நோம்பிக்குப் போகும்போது அதைச் சரிசெய்ய வேண்டும்.